பொங்கல் லீவும் பிள்ளைப் பேச்சும்

எங்கள் குரும்பலூரில் பொங்கல் வந்தால், மூன்று வயதுப் பேத்தியை என்னோடுதான் வைத்துக்கொள்வேன். வேலை ஆகிறதோ இல்லையோ, பேச்சு வளரும்.

கரும்பைக் கொடுத்தால் கணு, தோகை, சக்கை என்று தொட்டுக் காட்டுவேன். மஞ்சள் கொத்தை முகரச் சொல்லி, "வாசமா இருக்கா?" என்பேன். மாட்டுப் பொங்கலன்று, "அப்பாயி, மாடு!" என்றாள். "ஆமாஞ் சாமி, செவலை மாடு. கொம்புக்கு என்ன வர்ணம் அடிக்கலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். "நீலம்!" என்றாள்.

சூட்சுமம் இவ்வளவுதான்: பிள்ளை சொன்னதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். "கும்பு" என்றால் கேலி வேண்டாம். "ஆமா, கொம்பு" என்றால் போதும். செல்போன் பேசும், பிள்ளைக்குப் பதில் சொல்லாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, முதலில் காதைப் பரிசோதியுங்கள்.