400 சதுர அடி வீட்டில் 35 கிலோ ரேஷன் தானியத்தை எங்கே வைப்பது? கேரள எல்லைக் கிராமச் சமையலறைகள்: ஒரு விளக்கம்

பாறசாலை: கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் களியக்காவிளையை ஒட்டியுள்ள பாறசாலை, காரோடு, செங்கல் ஊராட்சிகளிலும் வடக்கே நெய்யாற்றின்கரை வரையிலுமுள்ள கிராமங்களிலும் பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் சிறிய கான்கிரீட் வீடுகள் எழுந்து வருகின்றன. வீடற்ற குடும்பங்களுக்காகக் கேரள அரசு 2016-ல் அறிவித்த லைஃப் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டின் பரப்பு சுமார் 400 சதுர அடி. பொதுப் பிரிவினருக்கான உதவித்தொகை 4 லட்சம் ரூபாய். படுக்கையறைகள், கூடம், கழிப்பறை ஆகியவை போக, சமையலறைக்கு 6 அடிக்கு 8 அடி இடம் கிடைத்தாலே பெரிது.

அந்த 48 சதுர அடிக்குள்தான் ஒரு மாத உணவும் அடங்க வேண்டும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கேரளத்தில் மஞ்சள் அட்டை வைத்திருக்கும் மிக ஏழைக் குடும்பத்திற்கு மாதம் 35 கிலோ தானியம் உண்டு. ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் இடம் தேவை. ஆகவே 35 கிலோவுக்கு 44 லிட்டர், அதாவது 15 லிட்டர் டின்கள் மூன்று. இவற்றோடு எரிவாயு உருளை, தண்ணீர்க் குடம், தேங்காய், மரச்சீனி, கருவாடு எல்லாம் தரையிலேயே இருந்தால், சமைப்பவர் நிற்க இடமிராது.

பழைய வீடு வைத்திருந்த ஏற்பாடு

1956-ல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறமும் பழைய சமையலறையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. நெல்லுக்குக் கால் வைத்த மரப் பத்தாயம். மோருக்கும் மீன் குழம்புக்கும் எறும்பும் பூனையும் எட்டாத உறி. அடுப்புக்கு மேலே பரண். அடுப்புப் புகை பரணில் இருந்த புளியையும் விதையையும் ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் காத்தது. தரையை எடுத்துக்கொள்ளாமல் சுவரின் உயரத்தையும் கூரையையும் பயன்படுத்திய ஏற்பாடு அது. கான்கிரீட் வீட்டில் புகையும் இல்லை, உறி கட்ட உத்தரமும் இல்லை. உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 6 அடிச் சுவரில் ஓரடி அகலத்தில் மூன்று தட்டுகள் அமைத்தால் 18 சதுர அடி கிடைக்கும்; இது சமையலறைத் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையும் இந்தக் கணக்கையே நம்பியது. ஏறக்குறைய 70 சதுர அடிக்குள் பருப்பு, அரிசி, சர்க்கரை ஒவ்வொன்றுக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறை இருந்தது. மாவில் புழு வராதிருக்க ஓக் மரப் பெட்டி. நம் வீடுகளில் அரிசிக்குள் வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போடுவதன் நோக்கமும் அதுதான்.

ஈரமும் எரிவாயுவும்

எனினும் பிராங்பர்ட்டில் இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் பகுதி இது. ஈரத்தில் அழுத்த மரத்தூள் பலகை உப்பிவிடும் என்பதால், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அத்தகைய அலமாரி சிக்கனமாகாது. கடப்பா கல் தட்டோ அலுமினியச் சட்டமோ நீடிக்கும். அரிசி டின்னைச் சுவரை ஒட்டி, வெறுந்தரையில் வைப்பதும் தவறு. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் மூட்டைகளை மரச் சட்டங்களின் மேல்தான் அடுக்குகிறார்கள். வீட்டில் ஒரு பலகை போதும். புதிய அரிசியைப் பழையதன் மேல் கொட்டினால் அடியில் கிடப்பது வண்டுக்கு இரையாகும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் காற்றோட்டமுள்ள தனித்தனிக் கூடைகளில் தொங்கவிடுவது நல்லது. உறி இங்கே மீண்டும் பயன்படுகிறது.

இட நெருக்கடியில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது எரிவாயு உருளை. 14.2 கிலோ எரிவாயு கொண்ட உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மேடைக்கு அடியில் கதவு போட்டு உருளையை அடைத்தால், கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் தேவை. இடம் மிச்சப்படுத்த உருளையைத் தொலைவில் வைத்து ரப்பர் குழாயை ஒன்றரை மீட்டருக்கு மேல் நீட்டுவதும் ஆபத்து. அரிசிக்கு இடம் போதவில்லை என்று உருளையைச் சுற்றி டின்களை நெருக்கி அடுக்குவதை எந்த நிலையிலும் தவிர்க்க வேண்டும்.

கடைசியாகப் பரண். வீட்டில் குடியேறிய பின் சுவரைத் துளைத்துத் தட்டு பொருத்தலாம். ஆனால் மூட்டையையும் அண்டாவையும் தாங்கும் கான்கிரீட் பரணை லிண்டல் வார்க்கும்போதே சேர்த்து வார்ப்பதே வலுவானது. லைஃப் திட்டத்தில் பணம் கட்டுமான நிலைகளுக்கேற்பத் தவணைகளாக வருவதால், சமையலறையின் எந்தச் சுவரில் பரண் வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் லிண்டலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.