விளம்பரம் செய்ய கேம் இன்ஜின் எதற்கு?

நாளைக் காலை விளம்பரம் வெளியாகணும். இரவு 8 மணிக்கு வாடிக்கையாளர் கேட்கிறார்: "போத்தல் பச்சையா இல்லாம நீலமா இருக்கட்டுமே!"

வழக்கமான முப்பரிமாண மென்பொருளில் என்ன ஆகும்?

10 விநாடிக் காணொளி, விநாடிக்கு 25 படம். மொத்தம் 250. ஒரு படத்தை வரையக் கணினிக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 21 மணி நேரம்! ஒரே கணினி என்றால் காலைக்குள் முடியாது.

'அன்ரியல்' போன்ற கேம் இன்ஜினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நீங்கள் பட்டனைத் தட்டியதும் ஃபோர்ட்நைட்டில் உங்கள் ஆள் குதிக்கணுமே! விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 17 மில்லிவிநாடிகூட இல்லை. நிறத்தை மாற்றினால் உடனே திரையில் தெரியும்.

எப்படி? ஒளி போகும் பாதையை முழுசாகக் கணக்கிடாமல் பல இடங்களில் உத்தேசமாக முடித்துவிடுகிறது. அதனால் கண்ணாடி, தண்ணீர், புகை வந்தால் கொஞ்சம் சொதப்பும். போத்தல் விளம்பரத்தில் அதுதான் தலைவலி. இறுதிப் பதிவில் தரத்தைக் கூட்டலாம். படத்துக்கு 10 விநாடி எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடியும்.

ஆனால் மாற்றுவது சுலபம் என்று தெரிந்தால் வாடிக்கையாளர் இன்னும் பத்து மாற்றம் கேட்பார். எத்தனை தடவை என்று முதலிலேயே பேசிவிடுங்க.

கற்றுக்கொள்ள ஆசையா? மாணவர்களுக்கு அன்ரியல் இலவசம்.