பேய் என்று காத்திருக்காதீர்கள்

பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களிலிருந்து மருத்துவமனைக்கு மனநோயோடு வருபவர்களின் வீட்டாரிடம் "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டால், மாதக்கணக்கில்தான் பதில் வருகிறது. அதற்குள் கோடாங்கி, மந்திரித்த கயிறு, மிளகாய் வற்றல் புகை எல்லாம் முடிந்திருக்கின்றன. உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட கொப்புளத்தோடும் வருகிறார்கள்.

அருள் வருவது நோயா?

இல்லை. கொடை விழாவில் வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போகையில் சாமிகொண்டாடிக்கு அருள் வருகிறது. கொட்டு நின்றதும் இறங்குகிறது. மறுநாள் அவர் வயலுக்குப் போய்விடுகிறார். இதில் மருத்துவருக்கு வேலையில்லை.

புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாத பெண், 'பேய்' வந்தால் மட்டும் மாமியாரை அதட்டுகிறாள். அவள் நடிக்கவில்லை. மனம் தாங்காததை வேறொரு குரலில் சொல்கிறாள். அவளை வேப்பிலையால் அடிக்காதீர்கள், உட்காரவைத்துக் கேளுங்கள்.

ஆனால் காய்ச்சலோடு பிதற்றினால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். பிள்ளை பெற்ற சில நாளில் தாய் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினால், அவள் உயிருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. இவற்றுக்கு அமாவாசைவரை காத்திருக்க முடியாது.

கோயிலில் குணமாகிறதே?

சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதி முன்னுள்ள ஸ்ரீசக்கரக் குழியில் உட்கார்ந்தால் சித்தம் தெளியும் என்பது இந்தப் பகுதியின் நம்பிக்கை. நான் அதைத் தள்ளிவிடுவதில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் மனநோயோடு தங்கிய 31 பேரை ஆராய்ந்த கட்டுரை 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. சராசரியாக ஆறு வாரத்தில், மருந்தில்லாமலே, நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே அடி இல்லை, மிரட்டல் இல்லை. வீட்டார் ஒருவர் கூடவே இருந்தார். அந்த ஆதரவுதான் மருந்தாக வேலை செய்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மீதி நோய்க்குச் சிகிச்சை வேண்டும்.

எல்லா இடமும் அப்படியல்ல. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது. இன்றும் சிலர் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்போடுதான் வருகிறார்கள்.

என்ன செய்வது?

மருத்துவமனைக்கு வந்தால் முதலில் உடல் நோய் ஏதும் காரணமா என்று பார்ப்போம்: ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், இ.இ.ஜி.

மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சாமி வாக்கு வந்தது என்று வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில நாளிலேயே விடாத வலிப்போடு தூக்கி வருகிறீர்கள். புற்றுமண் பூசுங்கள், நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வாரத்தில் அரசு மருத்துவமனைக்கும் கூட்டி வாருங்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தால், முதலில் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யுங்கள்; இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.