நிழலைப் படித்த கண்

நிலவைத் தொலைநோக்கியால் பார்த்து முதலில் படம் வரைந்தவர் கலிலியோ என்று பரவலாக நம்பப்படினும், அவருக்குச் சில மாதங்கள் முன்பே, 1609 ஜூலை 26 அன்று, லண்டனை அடுத்த சையன் மாளிகையில் தங்கியிருந்த கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் ஆறு மடங்கு பெரிதாக்கும் கருவியின் துணையால் அதைச் செய்துவிட்டார். பிறைநிலவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோடு அவர் படத்தில் கிழிந்த துணியின் ஓரம்போலப் பிசிறாக ஓடுகிறது. அது ஏன் நேராக இல்லை என்பதற்கு மட்டும் படத்தில் விடையில்லை.

அந்த விடையை அதே ஆண்டின் இறுதியில் பதுவா நகரில் கலிலியோ கண்டார். அவருடைய கருவி ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கியது என்பது உண்மையே. ஆனால் பெருமை முழுவதையும் கண்ணாடி வில்லைக்கே கொடுத்துவிட முடியாது. ஒரு பக்கமிருந்து விழும் ஒளியையும் அதற்கு எதிர்ப்புறம் படியும் நிழலையும் கொண்டே தட்டையான தாளில் மேடு பள்ளங்களை எழுப்பிக் காட்டும் ஒளிநிழல் முறை அக்கால இத்தாலிய ஓவியர்களின் அடிப்படைப் பாடமாக இருந்தது. ஓவியர் லுதோவிக்கோ சிகோலியின் நெருங்கிய நண்பரான கலிலியோவும் அதில் தேர்ந்தவர்.

பழுப்பு மையை நீரில் கரைத்துத் தூரிகையால் அவர் தீட்டிய படங்கள் புளோரன்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. ஒளிரும் இடங்களில் தாளை வெறுமையாக விட்டு, பள்ளங்களில் மட்டும் மையை அடுக்கடுக்காக ஏற்றியிருக்கிறார். இருண்ட பகுதிக்குள் தனித்து மின்னிய புள்ளிகள் நேரம் செல்லச் செல்லப் பெருகி வெளிச்சத்தோடு கலந்ததைக் கண்டு, சமவெளிக்கு முன் விடியலைப் பெறும் மலைச்சிகரங்களே அவை என்று உணர்ந்தவர், எல்லைக்கோட்டிலிருந்து அவற்றின் தொலைவைக் கொண்டு அம்மலைகள் நான்கு இத்தாலிய மைலுக்கும் மேல் உயர்ந்தவை என்று கணக்கிட்டார். வானப் பொருள்கள் மாசுமருவற்ற கோளங்கள் என்ற அரிஸ்டாட்டில் மரபு இப்படி ஒரு நிழலின் முன் தடுமாறியது.

1610 மார்ச்சில் வெனிஸில் அச்சான அவருடைய 'விண்மீன் தூதன்' நூலின் செப்புத்தகட்டுப் படங்களில், எல்லைக்கோட்டின்மீது ஒரு வட்டப் பள்ளம் உண்மையைவிடப் பன்மடங்கு பெரிதாக நிற்கிறது. நிலப்படம் என்று கொண்டால் அது பிழை. பள்ளத்துள் வெளிச்சம் நகரும் விதத்தை விளக்கும் சான்று என்று கொண்டால், வேண்டியே செய்த மிகை என்றே தோன்றுகிறது.

அந்நூல் இங்கிலாந்தை எட்டிய பின், 1610 ஜூலையில், ஹாரியட் மீண்டும் நிலவை வரைந்தார். கருவி மேம்பட்டிருந்ததும் காரணமாகலாம். முந்தைய படத்தில் வெறும் கறைகள் இருந்த நிலவில் இம்முறை வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிந்தன.