கிட் களஞ்சியத்தின் உள்ளகப் படியாக்கமும் படியின் தனித்தன்மையும்

ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியபின் படி தனிப்பொருளாகிவிடுகிறது. மூல ஏடு செல்லரித்தாலும் படி எஞ்சும். மின்பதிப்புகளின் திருத்த வரலாற்றைப் பேண உதவுவதும் லினஸ் டோர்வால்ட்சு 2005இல் உருவாக்கியதுமான கிட் மென்பொருளில் இவ்வுறுதி எப்போதும் கிட்டுவதில்லை.

ஒரே வட்டிலுள்ள களஞ்சியத்தை அதன் கோப்புப் பாதையைச் சுட்டிக் ‘குளோன்’ செய்யும்போது, நடப்புப் பணிக்கோப்புகள் புதிதாக எழுதப்படுகின்றன. வரலாறு அடங்கிய தரவுக்கோப்புகளுக்கு ‘ஹார்டு லிங்க்’ எனப்படும் வன்பிணைப்பு அமைகிறது; அஃதாவது, இருக்கும் தரவுக்கே இரண்டாம் பெயர் இடப்படுகிறது. பெருங்களஞ்சியமும் விரைந்து படியாவது இதனாலேயே. அத்தரவுக்கோப்புகள் ஒருமுறை எழுதப்பட்டபின் திருத்தப்படுவதில்லை. ஆதலின் ஒன்றில் செய்த மாற்றம் மற்றதைத் தாக்காது. மூல அடைவை நீக்கினாலும் படி நிலைக்கும். ஆனால் வட்டின் அப்பகுதி பழுதுற்றால் இரண்டும் ஒருங்கே கெடும். இதனைக் காப்புப்படி எனக் கொள்வது பிழை.

‘ஷேர்டு’ என்னும் விருப்பத்தேர்வு இன்னும் இடர் மிக்கது. அங்குப் படி, மூலத்தின் தரவுத்தொகுதி இருக்குமிடத்தைக் குறித்துவைப்பதோடு நின்றுவிடுகிறது. மூலம் நீங்கின் படியும் சிதையும். ‘நோ-ஹார்டுலிங்க்ஸ்’ என்பதைச் சேர்த்தால் கோப்புகள் மெய்யாகவே படியெடுக்கப்படும். எனினும் அவையும் அதே வட்டில்தான் உறையும். வேறொரு வட்டிற்குக் குளோன் செய்தால் வன்பிணைப்பு இயலாமையால் கிட் தானாகவே முழுப்படி எடுக்கிறது.