புது வீட்டுக்குக் குடிபோறீங்களா? அட்வான்சுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்க!

(நமது நிருபர்)

சென்னை:

அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பால் காய்ச்சியாச்சு. ஆணி அடித்து சாமி படமும் மாட்டியாச்சு. இரண்டு மாதம் கழித்து வந்தது ‘ஷாக்!’

சைதாப்பேட்டையில் ஒரு சந்து. அதில் நாலு குடித்தனம் உள்ள ஒரு வீடு. கீழே வீட்டுக்காரர், மாடியில் மூன்று குடும்பம். ஒரு போர்ஷனுக்கு தனியார் கம்பெனி குமாஸ்தா ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குடிவந்தார். இரண்டு பேன், நாலு லைட்டு, டி.வி., மிக்சி, சின்ன பிரிட்ஜ். ஏ.சி. என்ற பேச்சே கிடையாது.

இரண்டு மாதத்தில் சப்-மீட்டரில் ஓடியது 180 யூனிட். வீட்டுக்காரர் நீட்டிய துண்டுச் சீட்டில் இருந்த தொகை 1,620 ரூபாய்!

குமாஸ்தா நம்மிடம் கூறியதாவது:-

“பழைய வீட்டிலும் இதே சாமான்தான் சார். அங்கே தனி மீட்டர். பில் இருநூறு ரூபாயைத் தாண்டினதே இல்லை. இங்கே வாடகை 500 ரூபாய் குறைச்சலாச்சேன்னு வந்தேன். யூனிட்டுக்கு 9 ரூபாய்னு சொன்னப்போ தலையை ஆட்டிட்டேன். கரண்டுதானேன்னு நினைச்சேன். இப்போ வாடகையில மிச்சம் பிடிச்சதை கரண்டு முழுங்கிடுச்சு.”

இவர் ஒருவர் கதை அல்ல. வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, பஸ் ஸ்டாப் பக்கமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்கிறார்கள். கரண்டு எந்த மீட்டரில், என்ன ரேட்டில் என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிசயம்.

இலவச யூனிட் எங்கே போச்சு?

நம்ம ஊரில் வீட்டுக்குக் கரண்டு கொடுப்பது ஒரே இடம்தான். இந்தக் கம்பெனி வேண்டாம், அந்தக் கம்பெனி போதும் என்று மாற்ற முடியாது. ஆனால் எந்த மீட்டருக்குக் கீழே குடிபோவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. ரேட்டை முடிவு செய்வது அந்த மீட்டர்தான்.

வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016 மே மாதம் வந்தது. இந்தச் சலுகை குடும்பத்துக்கு அல்ல, இணைப்புக்கு! ஒரு மீட்டரில் நாலு குடும்பம் இருந்தாலும் இலவசம் ஒரே ஒரு 100 யூனிட்தான்.

2024 ஜூலையில் வந்த ரேட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு.

குமாஸ்தாவுக்குத் தனி மீட்டர் இருந்திருந்தால்? 180-ல் 100 யூனிட் இலவசம். மீதி 80 யூனிட்டுக்கு 188 ரூபாய். அவ்வளவுதான்! அவர் கொடுத்தது 1,620. இரண்டு மாதத்துக்கு 1,432 ரூபாய் கூடுதல். மாதத்துக்கு 716 ரூபாய். வாடகையில் மிச்சம் பிடித்ததோ 500!

வீட்டுக்காரருக்கு இனாம்

இன்னும் கேளுங்கள். நாலு குடித்தனமும் ஆளுக்கு 180 யூனிட் எரித்தால் மெயின் மீட்டரில் 720. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டதால் வேறு ரேட். 2 ரூபாய் 35 காசு என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, அதற்கு மேல் 800 வரை 9.45. கூட்டினால் பில் 4,014 ரூபாய்.

மூன்று குடித்தனக்காரர்களும் 1,620 வீதம் கொடுத்தது 4,860 ரூபாய். முழு பில்லையும் கட்டிவிட்டு வீட்டுக்காரர் கையில் 846 ரூபாய் மிச்சம். அவர் எரித்த 180 யூனிட் இனாம்!

இதே நாலு வீட்டுக்கும் நாலு மீட்டர் இருந்தால்? ஆளுக்கு 188 வீதம் மொத்தமே 752 ரூபாய்தான்.

வீட்டுக்காரரையும் பார்த்தோம். கோபப்படவில்லை. பில்லை எடுத்து வந்து காட்டினார்.

“தம்பி, நான் என்ன பிளாக்கிலயா விக்கிறேன்? நீங்களே பாருங்க, கடைசி யூனிட்டுக்கு 9 ரூபாய் 45 காசு போட்டிருக்கு. நான் 9 ரூபாய்தானே வாங்குறேன்? தண்ணி மோட்டார் யார் போடறது? மாடிப்படி லைட்டு யார் கணக்கு?” என்றார்.

9 ரூபாய் 45 காசு என்பது உண்மைதான். ஆனால் அது கடைசி 120 யூனிட்டுக்கு மட்டும். மொத்த பில்லை 720-ஆல் வகுத்தால் யூனிட் ஒன்றுக்கு 5 ரூபாய் 58 காசுக்குள்தான் வருகிறது. மோட்டாரும் மாடிப்படி விளக்கும் அவர் பங்கான 180-லேயே அடக்கம். அவருக்கே இந்தக் கணக்கு புதிதாக இருந்தது போல் தெரிந்தது.

“தனி மீட்டர் போட்டால் என்ன?” என்று கேட்டோம். “மீட்டர் அவன் பேர்ல இருந்தா நாளைக்கு வீடே என்னுதுன்னு நிப்பான்” என்றார். பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. கரண்டு பில் வீட்டுப் பத்திரம் ஆகாது. தவிர, தனி மீட்டரை வீட்டுக்காரர் தன் பேரிலேயே வாங்கலாம். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம், வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ இணைப்பு கேட்டு மனு செய்யலாம் என்கிறது.

ஒரு யூனிட் செய்த வேலை

தனி மீட்டர் இருந்தால் எல்லாம் சரியா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2024 ரேட்டில் 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு! ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு!

கணக்கெடுப்புக்கு நடுவில் குடிபோகிறவர்கள் இதில் சிக்குகிறார்கள். முன்னால் இருந்தவர் ஏ.சி. போட்டு 400 யூனிட் ஓட்டிவிட்டுக் காலி செய்திருப்பார். நீங்கள் மீதி நாட்களில் 110 ஓட்டினால் மொத்தம் 510. மேல் ரேட் உங்கள் தலையில்! சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கை செல்போனில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள்.

கடை மீட்டரில் குடித்தனம்

பில்லில் ‘டாரிப்’ என்ற இடத்தைப் பாருங்கள். வீட்டுக்கு 1-ஏ. கடைக்கு 5. முன்பு டெய்லர் கடையாக இருந்த அறையை வீடாக்கி வாடகைக்கு விடுகிறவர்கள் மீட்டரை மாற்றுவதில்லை. கடை மீட்டருக்கு இலவச 100 யூனிட் கிடையாது. யூனிட் ரேட்டும் அதிகம்.

இதைத் திருப்பிப் போட்டாலும் ஆபத்துதான். வீட்டு மீட்டரில் கடை நடத்தி, அது அனுமதி இல்லாத உபயோகம் என்று முடிவானால், அதற்குரிய ரேட்டைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

சொந்த வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பாக்கி இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். விதிமுறையில் இடம் இருந்தால் முன்னாள் உரிமையாளரின் மின் பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஏலத்தில் வீடு எடுப்பவர்கள் உஷார்!

பிளாட் என்றால் லிப்ட், மோட்டார், பொது விளக்குக்குத் தனி மீட்டர். 2022-ல் இதற்கு யூனிட் 8 ரூபாய் என்று ஆனது. பிறகு அது 8 ரூபாய் 15 காசு ஆனது. லிப்ட் இல்லாத, 10 வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத சின்னக் குடியிருப்புகளுக்கு இதை 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக 2023 அக்டோபரில் அரசு அறிவித்தது. பராமரிப்புச் சந்தாவில் இது எந்த ரேட்டில் சேர்கிறது என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியவை ஐந்து

1. எனக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா?

2. பில்லில் டாரிப் 1-ஏ தானா?

3. பழைய பாக்கி உண்டா? கடைசி பில்லைக் காட்ட முடியுமா?

4. இன்றைய ரீடிங் என்ன? அடுத்த கணக்கெடுப்பு எப்போது?

5. சப்-மீட்டர்தான் என்றால், மெயின் பில்லைக் காட்டி யூனிட் விகிதப்படி பிரிப்பீர்களா? இதை அக்ரிமெண்டில் எழுதுவீர்களா?

ஐந்தாவதுதான் முக்கியம். வாயால் பேசியது அட்வான்சோடு மறந்துபோகும். எழுத்தில் இருந்தால் நிற்கும். தகராறு வந்தால் கரண்டைப் பிடுங்குவேன் என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது.

ரேட்டு அடிக்கடி மாறும். அன்றைய பட்டியலை வைத்து இதே மாதிரி கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டை குமாஸ்தா என்ன ஆனார்? கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மற்ற இரண்டு குடித்தனக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கீழே போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வீட்டுக்காரரின் மனைவியே காபி கொடுத்து உட்கார வைத்தாராம். அடுத்த தடவையிலிருந்து மெயின் பில்லைக் காட்டி யூனிட் கணக்கில் பிரிப்பது என்று ராஜி ஆகியிருக்கிறது. இதே 180 யூனிட் ஓடினால் அவர் பங்கு 1,003 ரூபாய் 50 காசு. 616 ரூபாய் 50 காசு மிச்சம்.

தனி மீட்டருக்கு மனு போடுவது பற்றி வீட்டுக்காரர் “பார்க்கலாம்” என்றிருக்கிறார்.

“பார்க்கலாம்னு சொன்னதே பெரிசு சார். ஆனா அடுத்த வீடு பார்க்கப் போனா, சமையல்கட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பேன்” என்றார் குமாஸ்தா.