குற்றாலத்தில் ஆயில் மசாஜ் எடுக்கப் போறீங்களா? அருவிக்குள் போகும் முன் இதைக் கவனிங்க!

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்தாலே குற்றாலத்தில் ஆயில் மசாஜும் களைகட்டிவிடும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அப்படியே அருவிக்குள் ஓடுவது பலரின் வழக்கம். ஆனால் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது.

ஏன் தடை?

குற்றால அருவியின் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. நாம் கழுவிவிடும் எண்ணெயும் அதோடு சேர்ந்தே போகும். தவிர, எண்ணெய்ப் பிசுக்கு பட்ட பாறை வழுக்கும். பின்னால் வருபவர் விழுந்தால் தலையில்தான் அடிபடும்.

அப்போ மசாஜ் வேண்டாமா?

தாராளமா எடுக்கலாம். இதை மட்டும் கவனிங்க:

* அருவியில் குளிக்க அனுமதி இருக்கான்னு முதலில் கேளுங்க. வெள்ளம் கூடினால் தடை போட்டுடுவாங்க.
* என்ன எண்ணெய், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்? உட்காரும் முன்பே பேசிடுங்க.
* சாப்பிட்ட உடனே வேண்டாம். காய்ச்சல், தோல் புண் இருந்தாலும் தவிர்த்திடுங்க. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.
* வலித்தால் உடனே சொல்லுங்க. பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம்.
* அறையிலேயே சீயக்காய் தேய்த்து எண்ணெய் போகக் குளித்துவிட்டு அருவிக்குப் போங்க.

நாள்பட்ட மூட்டு வலி, முதுகு வலிக்கு இந்த மசாஜ் சிகிச்சை ஆகாது. சித்த மருத்துவத்தில் 'தொக்கணம்' என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல் என 9 வகை முறைகள் உண்டு. அதற்குப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதே நல்லது.